அனுமதி பெறாத ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து அடி

உச்சிக்கோம்பை மலைமேல் இருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்து பாதி வழியிலேயே திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த எருமைகளுக்கும் தெரியும். தேசிய நில உயர நிர்ணய வாரியத்துக்கு மட்டும் தெரியாது.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே கடைசி பஸ் நிற்கிற இடத்திலிருந்து வண்டித்தடம் ஒன்று வளைந்து வளைந்து ஏறும். அது ஒரு பள்ளத்தில் போய் முடியும். பள்ளத்தில் ஒரு கிணறு. எந்தப் பஞ்சத்திலும் வற்றாத கிணறு, சும்மா சொல்லக் கூடாது. அங்கிருந்து ஊருக்குப் போக ஒத்தையடிப் பாதைதான். முந்நூறு அடி ஏற்றம், பாதி பாறை, பாதி சறுக்கல். மேலே நாற்பத்திரண்டு வீடு, ஒரு அந்தோணியார் கோயில், ராகிக் கொல்லை, அவரைக் கொல்லை. தண்ணீர் மட்டும் கிடையாது. ஊர்ப் பெண்கள் நாளுக்கு நாலு நடை பள்ளத்துக்கு இறங்கி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடத்தோடு ஏறி வருவார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் வாரியம் இந்த ஊருக்கு ஒரு மோட்டார் கொடுத்தது. மின்கம்பி பள்ளம் வரைக்கும் வந்திருந்ததால் மோட்டாரைக் கிணற்றடியில் பொருத்தி, ஊர் வரைக்கும் குழாய் பதித்தார்கள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஆசையாக ஏறிப் பாதி வழியில் இருக்கிற பன்னிப்பாறை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு முழம் ஏறவில்லை. ஊரே பாறையைச் சுற்றி நின்று பார்த்தது. பிட்டர் சென்னப்பன் மோட்டாரைக் கழற்றினான், மாட்டினான், காதை வைத்துக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மோட்டார் மேல குத்தம் இல்லீங்க. இது சமவெளி மோட்டாரு. காயிதத்துல உங்க ஊரு கீழ இருக்குது."

பன்னிப்பாறையில் ஒரு தொட்டி கட்டினார்கள். பெண்கள் பள்ளம் வரைக்கும் போகாமல் தொட்டி வரைக்கும் போனார்கள். ஆனால் சறுக்கல் முழுக்கத் தொட்டிக்கும் ஊருக்கும் நடுவில்தான் இருந்தது. தை மாதம் அந்தச் சறுக்கலில் பிலவேந்திரனின் மனைவி மதலேனம்மாள் இரண்டு குடத்தோடு விழுந்தாள். குடம் இரண்டும் நசுங்கின, இடுப்பெலும்பு விலகியது. தர்மபுரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குடம் தூக்கினால் நடக்கவே முடியாது என்று சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் பிலவேந்திரன் குடம் தூக்கினான். ஆம்பிளை குடம் தூக்குவதை ஊர் வேடிக்கை பார்த்தது. அவனுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு அவள் சத்தமில்லாமல் மறுபடியும் குடத்தை எடுத்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வந்ததும் அவள் புருஷனிடம் சொன்னாள்.

"இந்தாங்க, ஒரே பேச்சு. பாஸ்காவுக்குள்ள தண்ணி மேல ஏறணும். ஏறலன்னா நான் கீழ எறங்கிடுவேன். எங்க அண்ணன் வூட்டுல எனக்கு ஒரு வாய் கஞ்சி இருக்குது."

பாஸ்கா என்றால் உயிர்ப்புத் திருநாள். அதற்கு நாற்பத்தாறு நாள் இருந்தது. அவள் அண்ணன் மதலைமுத்து வீடு கம்பைநல்லூரில், வாசலிலேயே அடி பம்பு. மதலேனம்மாள் சொன்னால் செய்கிறவள் என்பது பிலவேந்திரனுக்கு இருபது வருடமாகத் தெரியும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தர்மபுரிக்குப் புறப்பட்டான்.

வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டவை செங்கற்கள். அந்த அலுவலகத்தில் பதவிக்குத் தக்கபடி செங்கல். பியூனுடைய முக்காலி வெறும் தரையில் நின்றது. எழுத்தர் கருப்பண்ணனின் நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல். கண்காணிப்பாளருக்கு இரண்டு. உதவி இயக்குநருக்கு நான்கு நான்காகப் பதினாறு செங்கல், ஏறுவதற்கு ஒரு சின்ன ஏணி. மேசைக்கும் அதே கணக்கு. பதவி உயர்வு வந்தால் உத்தரவு ஒரு கையில், செங்கல் ஒரு கையில் கொடுப்பார்களாம். கருப்பண்ணனுக்கு இரண்டாவது செங்கல் ஆறு வருடமாக நிலுவையில் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசும்போது குரல் கம்மும்.

சுவரில் ஆள் உயரத்துக்கு இந்தியா. சுண்ணாம்புக் கலவையில் செய்து வைத்திருந்தார்கள். இமயமலைக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. ராஜஸ்தானுக்கு நிஜ மணல். தக்காணத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பா மூடி. கடற்கரை நெடுகிலும் நீல பெயின்ட். இமயமலையில் ஒரு பக்கத்தை எலி கடித்துக் கூடு கட்டக் கொண்டு போயிருந்தது.

"எங்க ஊரு இதுல எங்கிங்க இருக்குது?" என்றான் பிலவேந்திரன்.

கருப்பண்ணன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தர்மபுரி ஜில்லா முழுசும் அந்த ஆணிக்கு அடியில. ஆணிய எடுத்தா இந்தியா கீழ வுழுந்துரும்."

உதவி இயக்குநர் உயரத்திலிருந்து இவனைப் பார்த்தார். குட்டையான மனிதர், குரல் மட்டும் பெரிது. இவன் மனுவைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்தியா பெரிய தேசம். வடக்கே இருபத்தையாயிரம் அடியில் பனிமலை. கேரளத்துக் குட்டநாட்டில் வயல் கடல்மட்டத்துக்கும் கீழே. நடுவில் மேடு, பள்ளம், மணல், சேறு. இப்படி ஆளுக்கு ஒரு உயரத்தில் உட்கார்ந்திருந்தால் நிர்வாகம் நடக்குமா? அதனால்தான் வாரியம் தேசத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்தது. பனிமலை, குன்று, சமவெளி, பாலைவனம், கடற்கரை. பனிமலைக்குக் கம்பளி. குன்றுக்குப் பெரிய மோட்டார். சமவெளிக்குச் சின்ன மோட்டார். பாலைவனத்துக்கு ஒட்டகம். கடற்கரைக்கு மிதவை. இயற்கை இதையெல்லாம் ஒழுங்கில்லாமல் வைத்திருந்தது. நாங்கள்தான் சரி செய்தோம்."

"எங்க ஊரு குன்றுங்க, ஐயா."

கருப்பண்ணன் பதிவேட்டைப் புரட்டிப் படித்தார். "உச்சிக்கோம்பை. ஆயிரத்து ஐந்நூற்று முப்பது அடி. சமவெளி. ஆதாரம், அளவைக்கல்லில் கொத்திய எண்."

"ஒருதரம் ஏறிப் பாருங்க ஐயா. மூச்சு வாங்கும்."

"மூச்சு வாங்குவதை வைத்து உயரத்தை நிர்ணயிக்க முடியாது," என்றார் உதவி இயக்குநர். "எனக்கு இந்த ஏணியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அதற்காக என்னைப் பனிமலை என்று எழுதலாமா?"

பிலவேந்திரன் விடவில்லை. நாலு தடவை போனான். ஒவ்வொரு தடவையும் மனுவில் ஏதோ ஒன்று குறைந்தது. கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய், மாசி மாத வெயிலில் ஒருநாள் கள ஆய்வுக்கு வந்து சேர்ந்தார்கள். பள்ளம் வரைக்கும் ஜீப். அப்புறம் உதவி இயக்குநரை ஒரு கட்டிலில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கட்டில் பின்பக்கம் சாய்ந்தபடியே வந்ததை அவர் கவனிக்கவில்லை.

உயரத்தை அளக்க அவர்களிடம் ஒரு நூதன முறை இருந்தது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்தால் உயரம் தெரிந்துவிடும். அதற்குத் தண்ணீர் வேண்டும். மதலேனம்மாள் விடியற்காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுமந்து வந்த மூன்று குடத்தையும் எடுத்தார்கள். முதல் குடம் கொதித்தபோது ஆவி கருப்பண்ணனின் மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது, அவர் எண்ணைப் பார்க்கவில்லை. இரண்டாவது குடத்தில் மூவாயிரத்து நாற்பது அடி என்று வந்தது. மூன்றாவது குடத்தில் எல்லோருக்கும் டீ. அன்றைக்கு அந்த வீட்டில் களி கிண்டத் தண்ணீர் இல்லை.

"மூவாயிரத்து நாப்பதுங்களா?" பிலவேந்திரனுக்கு வாயெல்லாம் பல். "அப்ப குன்றுதானுங்களே?"

உதவி இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் கால் இடறினார். வலி தாங்காமல் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் நிலைக்குக் கீழே பதித்திருந்த கல்லில் ஒரு அம்புக்குறி. அதற்குக் கீழே 1530 என்று ஆழமாகக் கொத்தியிருந்தது. அவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"அளவைக்கல்," என்றார் மெதுவாக. "அரசாங்கத்தின் கல்."

"எங்க அண்ணனுங்க கொண்டாந்த கல்லுங்க அது," என்றாள் மதலேனம்மாள்.

உச்சிக்கோம்பையில் ஒரு வழக்கம் உண்டு. புது வீடு கட்டினால் வாசக்கல்லைப் பெண்ணின் அண்ணன் தம்பிகள்தான் கீழேயிருந்து சுமந்து வந்து பதிக்க வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு கனமான கல் என்பதில்தான் பெண்ணின் பிறந்த வீட்டு மானமே இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் அதியமான்கோட்டைப் பக்கம் பெரிய ரோட்டை அகலப்படுத்தியபோது அருமையாகக் கொத்திய கல் ஒன்று பிடுங்கப்பட்டுச் சாக்கடையில் கிடந்தது. மதலைமுத்துவும் அவன் பங்காளிகளும் அதைப் பார்த்தார்கள், விடுவார்களா? பள்ளம் வரைக்கும் மாட்டு வண்டி, அப்புறம் கொம்பில் கட்டி ஆறு பேர். கல்லில் எழுத்தெல்லாம் இருக்கிறதே என்று ஊரே மெச்சியது. கல் இங்கே வந்த பிறகு எவனோ ஒரு அளவையாளன் வந்து, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான். அதியமான்கோட்டை உயரம் உச்சிக்கோம்பைக்கு வந்துவிட்டது.

"இருபது வருடமாக ஒரு அரசு உயரத்தை மிதித்து நடந்திருக்கிறீர்கள்," என்றார் உதவி இயக்குநர்.

"கல்ல எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுர்றோமுங்க ஐயா," என்றான் பிலவேந்திரன்.

"அளவைக்கல்லை நகர்த்தினால் மூன்று வருடம் ஜெயில்."

"அது நகந்துதானுங்களே இங்க வந்துச்சு?"

"வந்ததற்குக் கோப்பு இல்லை. கோப்பு இல்லாத காரியம் நடக்கவே இல்லை. ஆகையால் கல் ஆதியிலிருந்து இங்கேதான் இருக்கிறது."

"தண்ணி மூவாயிரம்னு காட்டுச்சுங்களே?"

"தண்ணீர் பொதுமக்களுடையது. கொதிக்க வைத்தால் எப்படி வேண்டுமானாலும் கொதிக்கும். கல் அரசாங்கத்துடையது. அது பொய் சொல்லாது."

அவர்கள் இறங்கிப் போனதும் பிலவேந்திரன் பெண்டாட்டியிடம் பாய்ந்தான். "ஊர்ல இருக்கிற கல்லையெல்லாம் வுட்டுட்டு உங்க அண்ணனுங்களுக்கு இந்தக் கல்லுதான் கெடச்சுதா?"

"எழுத்து போட்ட கல்லு எங்கூட்டுக் கல்லுன்னு இருவது வருசம் நீங்கதான் தம்பட்டம் அடிச்சீங்க," என்றாள் அவள்.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. கருப்பண்ணன் அதைப் பன்னிப்பாறையில் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார். ஊர் முழுக்கக் கூடிப் படித்தது.

"உச்சிக்கோம்பை என்னும் சமவெளிக் கிராமம், பதிவேட்டில் கண்ட 1530 அடிக்கு மேல், உரிய அனுமதி பெறாமல் 1510 அடி உயரத்தை ஆக்கிரமித்து அனுபவித்து வருவது கள ஆய்வில் தெரிய வந்துள்ளது. மேற்படி உயரத்தை இன்று முதல் முப்பது நாளுக்குள் கிராமத்தார் தாங்களாகவே அகற்றிக்கொள்ள வேண்டியது. தவறினால் வாரியமே அகற்றும்."

பஞ்சாயத்து மெம்பர் சென்றாயன் மலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கமிருந்து இடிக்கறதாம்?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார், பாவம்.

பிலவேந்திரன் மறுபடியும் தர்மபுரிக்கு ஓடினான். கால அவகாசம் வேண்டுமென்றால் ஒரு படிவம் இருந்தது. அகற்றப்படும் உயரத்தை எங்கே கொட்ட உத்தேசம், கொட்டப்படும் இடத்தின் உரிமையாளர் சம்மதம் உண்டா, அதனால் அந்த இடம் உயர்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி. அவன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தாறு நாளில் பதினெட்டு நாள்தான் மிச்சம். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தான். எங்கே ஓடினாலும் ஐந்து வகுப்புக்குள்தான் ஓட வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஏழெட்டுப் பேர். மதலைமுத்துவும் பங்காளிகளும் கொம்பும் கயிறுமாக நின்றார்கள். கடப்பாரை போட்டு வாசக்கல்லைப் பெயர்த்தாகிவிட்டது. மதலேனம்மாள் தகரப் பெட்டியோடு ஓரமாக நின்றாள்.

வழக்கத்தில் இன்னொரு பாதியும் உண்டு. பெண் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் வாசக்கல்லும் கூடப் போகும். ஊரில் அப்படி நடந்து இரண்டு தலைமுறை ஆகிறது. கல் இல்லாத வாசலைத் தாண்டி நடக்கிறவனுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது.

"பாஸ்காவுக்கு இன்னும் நாள் இருக்குதே," என்றான் பிலவேந்திரன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"தண்ணி கேட்டதுக்கு மலையவே எடுக்கச் சொல்லிட்டாங்க. இனி எதுக்கு நான் நாளு எண்ணிக்கிட்டு இருக்கணும்?" அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கஞ்சி பானையில இருக்குது. உப்பு போட்டுக்குங்க."

நேரம் பார்த்து அங்கே வந்து சேர்ந்தார் கருப்பண்ணன். மலை எவ்வளவு தூரம் அகற்றப்பட்டிருக்கிறது என்று அளக்க டேப்போடு வந்திருந்தார். கொம்பில் தொங்குகிற கல்லைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"அரசுக் கல்லு. நகத்தினா மூணு வருசம்."

"எந்த அரசு?" என்றான் மதலைமுத்து. "எங்க தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போறா. அவ சீரு அவ பின்னால வருது. குடும்ப விசயத்துல நீங்க குறுக்க வராதீங்க."

கருப்பண்ணன் விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லை நகர்த்துவது, பெயர்ப்பது, உடைப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் தண்டனை போட்டிருந்தது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் வழிவிட்டார். கல் முன்னால் போக, மதலேனம்மாள் இடுப்பைப் பிடித்தபடி பின்னால் இறங்கினாள். பிலவேந்திரன் வாசலில் கல் பெயர்த்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. ஊர் பார்க்கிறது என்று அடக்கிக்கொண்டான்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி அவனைக் கையோடு அழைத்து வரச் சொல்லி ஆள் வந்தது. ஜெயில்தான் என்று நினைத்து, ஒரு துண்டும் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டு போனான். உதவி இயக்குநர் அவனைப் பார்த்ததும் ஏணியில் பாதி இறங்கி வந்தார்.

"கல் நகர்த்தப்படவில்லை, உடன் சென்றிருக்கிறது என்று எழுதிவிட்டேன். இப்போது உங்கள் ஊரில் கல் இல்லை. கல் இல்லாத ஊருக்கு உயரம் இல்லை. உயரமே இல்லாத ஊர் எதை ஆக்கிரமிக்க முடியும்? அறிவிப்பு ரத்து."

"ரொம்ப சந்தோசமுங்க."

"இன்னும் இருக்கிறது. மார்ச் முப்பத்தொன்று வருகிறது. இந்த மண்டலம் தொடங்கிய நாளிலிருந்து பனிமலை ஒதுக்கீட்டில் ஒரு குண்டூசிகூடச் செலவாகவில்லை. உங்கள் பகுதியில் பனி இல்லையா, அல்லது உங்களுக்கு அக்கறை இல்லையா என்று டெல்லியில் கேட்கிறார்கள். பனி இல்லை என்று எழுதினால் ஒதுக்கீடு போய்விடும். ஒதுக்கீடு போனால் எனக்குக் கீழே இருக்கிற செங்கலில் இரண்டை உருவிவிடுவார்கள். உயரம் தெரியாத ஊர் ஒன்று இந்தச் சமயத்தில் கிடைத்தது வாரியத்தின் பாக்கியம். மறு அளவை முடியும்வரை உச்சிக்கோம்பையைத் தற்காலிகப் பனிமலையாக அறிவித்திருக்கிறேன். மறு அளவைக்குப் பதினோரு வருடம் ஆகும்."

பிலவேந்திரனுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் காரியத்தை விடவில்லை. "அப்ப பெரிய மோட்டாரு கெடைக்குமுங்களா?"

"பனிமலைக்கு மோட்டார் கிடையாது. அங்கே பனியை உருக்கிக் குடிப்பார்கள்."

"எங்க ஊர்ல பனி..."

"உருக்குவதற்கு மண்ணெண்ணெய் தருகிறோம். மாதம் இரண்டு பீப்பாய். கையெழுத்துப் போடு."

சமவெளி மோட்டாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் விதி இருந்தது. அதற்கான படிவம் அச்சாகி வராததால் மோட்டார் கிணற்றடியிலேயே தங்கியது.

முப்பதாம் தேதி லாரியில் சாமான் வந்து இறங்கியது. நாற்பத்திரண்டு கம்பளிக் கோட்டு, நாற்பத்திரண்டு ஜோடி முட்டி வரைக்கும் வருகிற பூட்ஸ், காது மூடுகிற குல்லாய், பனி வாருகிற மண்வெட்டி, பனிச்சரிவில் சிக்கினால் என்ன செய்வது என்று இந்தியில் ஒரு புத்தகம், இரண்டு பீப்பாய் மண்ணெண்ணெய். வெளியே நூறு டிகிரி வெயில். சென்றாயன் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மயங்கி விழப் பார்த்தார். பிலவேந்திரன் பீப்பாயின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். பாஸ்காவுக்கு எட்டு நாள். சமவெளி என்றால் தண்ணீர் பாதி வழி வந்தது. பனிமலை ஆனதும் அந்தப் பாதிக்கும் வழி இல்லாமல் போய்விடும் போலிருந்தது.

பிட்டர் சென்னப்பன் பீப்பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"நல்ல எண்ணெயுங்க. தண்ணி கலக்கல." விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். "ஏன் மாமா, சீமெண்ணெய்ல ஓடற என்ஜினு இருக்குதுல்ல? பன்னிப்பாறைத் தொட்டி வரைக்கும்தான் மோட்டாரே தண்ணிய ஏத்திடுதே. அங்க ஒரு என்ஜினை வெச்சா மிச்சத்த அது ஏத்திட்டுப் போவுது."

பிலவேந்திரன் தலையைத் தூக்கினான்.

அதியமான்கோட்டை ரோட்டோரத்தில் வடக்கே போகிற லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. கடைக்காரர் கம்பளிக் கோட்டைத் தடவிப் பார்த்தார். டெல்லிக்கும் அதற்கு மேலேயும் போகிற டிரைவர்கள் தை மாதம் குளிரில் நடுங்கிக்கொண்டு போவது அவருக்குத் தெரியும். நாற்பத்திரண்டு கோட்டு, பூட்ஸ், குல்லாய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடையின் பின்னால் கிடந்த, பம்பு பூட்டிய சீமெண்ணெய் என்ஜின் ஒன்றைக் கொடுத்தார். மண்வெட்டியை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். சாணி அள்ள அதைவிட நல்ல சாமான் கிடையாது.

பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை முடிந்ததும், வாசக்கல் தூக்குகிற அதே கொம்பில் கட்டி என்ஜினைப் பன்னிப்பாறைக்கு ஏற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சென்னப்பன் கயிற்றைச் சுற்றி ஒரு இழு இழுத்தான். டொக், டொக் என்று இருமி, கரும்புகை விட்டு, ஓடத் தொடங்கியது. கோயில் பக்கத்துக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு ஒரு தவளை, அப்புறம் தண்ணீர். பெண்கள் குடத்தை எடுக்க மறந்து அப்படியே நனைந்துகொண்டு நின்றார்கள்.

பாஸ்கா அன்று பிலவேந்திரன் ஒரு குடம் தண்ணீரைத் துணியால் வாய் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கம்பைநல்லூர் போனான். மதலைமுத்து வீட்டு வாசலில் அந்தக் கல் சாய்த்து வைத்திருந்தது. மதலேனம்மாள் அடி பம்பில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"மேல புடிச்ச தண்ணி," என்று குடத்தை இறக்கினான். "நம்ம தெருக் குழாயில."

அவள் ஒரு கை அள்ளிக் குடித்தாள். பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீரின் ருசி அவளுக்குத் தெரியாதா.

"கோவிச்சுக்கிட்டுப் போனியா, இல்ல கல்ல அப்புறப்படுத்தத்தான் போனியா? அத மட்டும் சொல்லு," என்றான் அவன்.

"மொதல்ல கோவந்தான்," என்றாள். "பாதி வழி எறங்கும்போதுதான் கல்லு நெனப்பே வந்துச்சு. அதுக்கப்பறம் திரும்ப வந்தா கல்லும் வருமேன்னு இங்கயே இருந்துட்டேன். நீங்க கஞ்சிக்கு உப்பு போட்டுக் குடிச்சீங்களா?"

திரும்பி வரும்போது அண்ணன்மார் வேறு கல் கொண்டுவந்தார்கள். உளி படாத, முரட்டு மலைக்கல். தூக்குவதற்கு முன்னால் மதலேனம்மாள் நாலு பக்கமும் புரட்டச் சொல்லி, எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

கத்திரி வெயிலில் உதவி இயக்குநர் பனிமலை ஆய்வுக்கு வந்தார். பனிமலைக்குப் போகிற அதிகாரி பனி உடுப்பில்தான் போக வேண்டும் என்பது விதி. கம்பளிக் கோட்டு, காது மூடிய குல்லாய், முட்டி வரைக்கும் பூட்ஸ். பனிமலையில் கட்டிலில் தூக்கிப் போக அனுமதி இல்லாததால் நடந்தே ஏறினார். ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. பிலவேந்திரன் வீட்டு வாசக்கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்கு அடியில் ஒரு செங்கல்கூட இல்லை.

"இவ்வளவு... உயரமா..." என்றார்.

மதலேனம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு சொம்பு. மூன்றாவது சொம்புக்குப் பிறகுதான் கடமை ஞாபகம் வந்து சுற்றிலும் பார்த்தார். பாறை, ராகித் தாள், வெயிலில் படுத்திருந்த ஒரு நாய்.

"பனி எங்கே?"

பிலவேந்திரன் பெண்டாட்டியைப் பார்த்தான். மதலேனம்மாள்தான் சொன்னாள்.

"உருக்கிட்டோமுங்க, ஐயா."

"முழுவதுமா?"

"நீங்க குடிச்சதுதானுங்க கடைசி."

பன்னிப்பாறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் குல்லாயைக் காதிலிருந்து தூக்கினார். "அது என்ன சத்தம்?"

"பனி உருகற சத்தமுங்க."

உதவி இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பனி முறையாக உருக்கப்படுகிறது. நீர் சுவையாக உள்ளது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வீணாகவில்லை. கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, இறங்கப் போனவர் திரும்பி நின்றார். ஒதுக்கீடு தொடர வேண்டுமே என்கிற கவலை அவருக்கு.

"அடுத்த வருடமும் பனி விழும் அல்லவா?"

மதலேனம்மாள் தெருக் குழாயில் நிரம்பிய குடத்தை நகர்த்திவிட்டு, காலிக் குடத்தைக் காலால் தள்ளி அதன் இடத்தில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்தாள்.

"எண்ணெய் வந்தா விழுமுங்க," என்றாள்.